'வேதத்தின்படி' என்று சொல்வதற்கு முன்

சபையில் புதிதாகப் பிரசங்கிக்கவும் ஆராதனை நடத்தவும் முன்வரும் இளைஞர்களுக்கு ஆயத்தம் செய்யக் கற்றுக்கொடுத்து வருகிறேன். ஒவ்வொரு குழுவோடும் அதே பழைய தவறுகள் வந்து சேர்கின்றன. அவற்றில் பலவற்றை நானும் அந்த வயதில் செய்தவன்தான். வசன எண்ணை மாற்றிச் சொல்வது, பெயர்களைக் குழப்புவது போன்றவை நாளடைவில் திருந்திவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன். வேதத்துக்குத்தான் கீழ்ப்படிகிறோம் என்ற முழு நம்பிக்கையோடு வேதம் சொல்லாததைச் சபையின்மேல் சுமத்தும் தவறுகளைப் பற்றியே எழுதுகிறேன்.

ஒற்றை வசனத்தை உருவி எடுப்பது

அப்போஸ்தலர் பவுல் சபைகளுக்கு நிருபம் (கடிதம்) எழுதியபோது அதில் வசன எண் கிடையாது. இன்று நாம் பயன்படுத்தும் அதிகாரப் பிரிவு 13-ஆம் நூற்றாண்டில் வந்தது. புதிய ஏற்பாட்டின் வசன எண்களை 1551-இல் ராபர்ட் எஸ்தியென் என்ற அச்சகர் தம் பதிப்பில் சேர்த்தார். தேடுவதற்கு வசதியாக வந்த எண்கள், கருத்தை வெட்டும் இடங்களாக மாறிவிட்டன.

கொலோசெயர் 2:21-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். தொடாதே, ருசிபாராதே, தீண்டாதே என்ற அந்த வசனத்தை ஒழுங்குக் கட்டளையாக வைத்து முழுப் பிரசங்கம் செய்தவர்களைக் கேட்டிருக்கிறேன். அந்தக் கட்டளைகளுக்கு ஏன் இன்னும் உட்படுகிறீர்கள் என்று கண்டிப்பதற்காகவே பவுல் அவற்றை எடுத்துச் சொல்கிறார். அவை மனுஷருடைய கற்பனைகள், அதாவது மனிதர் போட்ட கட்டளைகள், என்று அடுத்த வசனமே சொல்கிறது. முன்னும் பின்னும் இரண்டு வசனங்கள் வாசித்திருந்தால் அந்தப் பிரசங்கம் பிறந்தே இருக்காது.

நடந்ததைக் கட்டளையாக்குவது

என்னை இன்றுவரை கோபப்படுத்தும் தவறு இதுதான்.

ஒரு சபையில் ஆலயம் கட்டத் திட்டமிட்டிருந்தார்கள். அங்கே ஊழியத்துக்கு வந்திருந்த இளைஞர் அப்போஸ்தலர் நடபடிகள் 4:34-ஐ எடுத்துப் பிரசங்கித்தார். நிலங்களும் வீடுகளும் உடையவர்கள் அவற்றை விற்றுக் கிரயத்தை அப்போஸ்தலருடைய பாதத்தில் வைத்தார்கள். ஆதிச் சபையின் முறை இதுவே. இன்று அதைச் செய்யாதவர்கள், நிலம் விற்ற பணத்தில் ஒரு பங்கை மறைத்துப் பொய் சொல்லி விழுந்து இறந்த அனனியாவும் சப்பீராளும் என்று சொல்லி முடித்தார். ஒரு தம்பதியர் தங்களிடம் இருந்த ஒரே நிலத்தை விற்றுக் கொடுத்தார்கள். மூப்பர்களில் ஒருவர்கூட அவர்களை உட்காரவைத்து யோசிக்கச் சொல்லவில்லை. பிறகு வீட்டில் நோய் வந்தபோது கையில் எதுவும் இல்லை. கொடுத்ததைக் கேட்க அவர்களுக்கு வாய் வரவில்லை. கொடுத்துவிட்டு வருந்துவது பாவமோ என்ற பயம் வேறு. மெல்ல மெல்லச் சபைக்கு வருவதையே நிறுத்திவிட்டார்கள். அந்த இளைஞரிடம் நான் இதைப் பேசியபோது அவர் கேட்டது ஒன்றுதான்: "ஐயா, வேதத்தில் அப்படித்தானே இருக்கிறது?"

இல்லை. வேதத்தில் அப்படி இல்லை. அதே புத்தகத்தில், அடுத்த அதிகாரத்திலேயே, பேதுரு அனனியாவைப் பார்த்துப் பேசுவதை வாசியுங்கள். விற்பதற்கு முன் நிலம் அவனுடையது. விற்ற பிறகும் பணம் அவன் வசத்திலேயே இருந்தது. பொய் சொன்னதே அவனுடைய பாவம். பன்னிரண்டாம் அதிகாரத்துக்குப் போனால், எருசலேமில் யோவான் மாற்குவின் தாய் மரியாளுக்குச் சொந்த வீடு இருக்கிறது. விசுவாசிகள் அங்கே கூடித்தான் ஜெபிக்கிறார்கள். அவர் வீட்டை விற்கவில்லை, அதற்காக யாரும் அவரைக் கண்டிக்கவும் இல்லை. நான்காம் அதிகாரத்தில் வந்த பணமும் குறைவுபட்டவர்களுக்கு அவரவர் தேவைக்குத் தக்கதாகப் பகிர்ந்து கொடுக்கப்பட்டது, கட்டடத்துக்குப் போகவில்லை. தர்மப்பணத்தைப் பற்றிக் கொரிந்து சபைக்கு எழுதும் பவுல், இதைக் கட்டளையாகச் சொல்லவில்லை என்கிறார் (2 கொரிந்தியர் 8:8). மற்றவர்களுக்கு இளைப்பாறுதலும் உங்களுக்கு வருத்தமுமாக இருக்கும்படி இதைக் கேட்கவில்லை என்று சில வசனங்கள் தள்ளிச் சொல்கிறார். விசனமாயும் அல்ல, கட்டாயமாயும் அல்ல, மனதில் நியமித்தபடியே கொடுக்கவேண்டும் என்பது அடுத்த அதிகாரம். அப்போஸ்தலரே கட்டளையிடத் தயங்கிய இடத்தில் ஓர் இளைஞர் கட்டளையிட்டார். அதற்கு வேதத்தின் அதிகாரத்தைச் சான்றாகக் காட்டினார்.

நடந்தவை எல்லாம் கட்டளை என்றால் எல்லாவற்றையும் செய்யவேண்டும். யூதாசின் இடத்துக்கு மத்தியாவைச் சீட்டுப்போட்டுத் தெரிந்துகொண்டார்கள். நாம் ஏன் மூப்பர்களை அப்படித் தெரிந்துகொள்வதில்லை? துரோவா பட்டணத்தில் வாரத்தின் முதல்நாளில், மேல்வீட்டில், பல விளக்குகளின் வெளிச்சத்தில், நடுராத்திரிவரை பிரசங்கம் நடந்தது. மேல்வீடு வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. நடுராத்திரிவரை பேசவேண்டும் என்று பிரசங்கியார்கூடக் கேட்பதில்லை. வாரத்தின் முதல்நாளை மட்டும் சபைகள் பிடித்துக்கொண்டதற்கு அந்த ஒரு நிகழ்ச்சி காரணம் அல்ல. நான்கு சுவிசேஷங்களும் உயிர்த்தெழுதலை அந்த நாளில் வைக்கின்றன; 1 கொரிந்தியர் 16:2 அந்த நாளில் காணிக்கையைச் சேர்த்துவைக்கச் சொல்கிறது. நிகழ்ச்சியை மற்ற பகுதிகளோடு வைத்து எடைபோடுவது என்றால் இதுதான்.

ஆகவே ஒரு சம்பவத்தைச் சபை ஒழுங்காக்க விரும்பினால் முதலில் கேட்கவேண்டியவை இவை: இதையே வேறெங்காவது சபைக்குக் கட்டளையாகச் சொல்லியிருக்கிறதா? வெவ்வேறு பட்டணத்துச் சபைகளுக்கு எழுதிய நிருபங்களில் திரும்ப வருகிறதா? எழுதியவர் அதைப் பாராட்டுகிறாரா, அல்லது நடந்ததைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறாரா? கிதியோன் ஆட்டுத்தோலைத் தரையில் போட்டு, பனி அதன்மேல் மட்டும் பெய்கிறதா என்று அடையாளம் கேட்டுப் பார்த்ததை இந்த உரைகல்லில் தேய்த்துப் பாருங்கள். தேவன் அவனிடம் ஏற்கெனவே தெளிவாகப் பேசிவிட்டார். தோல் போட்டது அவனுடைய சந்தேகம். பொறுத்துக்கொண்டது தேவனுடைய தயவு. அதை 'தேவசித்தம் அறியும் வழி' என்று வாலிபர் கூட்டத்தில் கற்பிக்கிறார்கள்.

இதைக் கேட்டவுடன் மறுகோடிக்கு ஓடுகிறவர்களும் உண்டு: "அப்படியானால் நடபடிகள் வெறும் வரலாறுதானே." அதுவும் தவறு. இவைகள் நமக்கு எச்சரிப்பாக எழுதப்பட்டவை என்று பவுலே வனாந்தரச் சம்பவங்களைக் குறித்துச் சொல்கிறார். அப்போஸ்தலர் 4-ஐ வாசித்த பிறகும் பக்கத்து வீட்டாரின் குறைவு கண்ணில் படவில்லை என்றால் வாசித்ததில் பயனில்லை. கற்றுக்கொள்ளுங்கள், ஆனால் அடுத்தவர் மனச்சாட்சியைக் கட்டாதீர்கள்.

நல்ல நோக்கம் போதும் என்று நினைப்பது

உடன்படிக்கைப் பெட்டியை எருசலேமுக்குக் கொண்டுவர விரும்பிய தாவீதின் நோக்கம் நல்லது. பாடலும் இருந்தது, வாத்தியங்களும் இருந்தன, திரளான ஜனமும் இருந்தது. பெட்டியை மட்டும் புது வண்டியில் ஏற்றினார்கள். முன்பு அதைக் கைப்பற்றியிருந்த பெலிஸ்தர் அதைத் திருப்பி அனுப்பிவைத்த முறை அது. லேவியரில் ஒரு பிரிவான கோகாத் புத்திரர் தோளில் சுமக்கவேண்டும், அதனால் அவர்களுக்கு வண்டி கொடுக்கப்படவில்லை என்று எண்ணாகமம் 7:9 முன்பே சொல்லியிருந்தது. வண்டியில் பெட்டி அசைந்தபோது அதைப் பிடித்த ஊசா இறந்தான். பிறகு தாவீது திரும்பிப்போய், நாம் நியாயமானபடி தேடவில்லை என்று லேவியரிடம் சொன்னது 1 நாளாகமம் 15-இல் இருக்கிறது. மற்றவர்கள் செய்து பலன் கண்டார்கள் என்பதற்காக ஒரு முறையை ஆராதனைக்குள் கொண்டுவர நினைப்பவர்கள் அந்த அதிகாரத்தை மெதுவாக வாசிக்கவேண்டும்.

அளவுகோலை மாற்றி மாற்றிப் பிடிப்பது

வேதம் ஒன்றைத் தடுக்கவும் இல்லை, கட்டளையிடவும் இல்லை என்றால் என்ன செய்வது? சீர்திருத்தச் சபைகள் இதில் இரண்டு வழியாகப் பிரிந்தன. வேதம் தடுக்காததை வைத்துக்கொள்ளலாம் என்பது லூத்தரன் சபைகளின் போக்கு. வேதம் நியமித்ததை மட்டுமே ஆராதனையில் செய்யவேண்டும் என்பது 1646-இல் உருவான வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கையின் 21-ஆம் அதிகாரம். அந்த அறிக்கையும்கூட, ஆராதனையைச் சூழ்ந்த சில காரியங்களைக் கிறிஸ்தவ விவேகத்தைக் கொண்டு ஒழுங்குபடுத்தலாம் என்று தன் முதல் அதிகாரத்திலேயே இடம் கொடுக்கிறது. இரண்டு பக்கமும் வேதத்தை நேசித்தவர்கள் இருந்தார்கள்.

ஒரு வழியைத் தெரிந்துகொண்டு அதில் நிற்பது நேர்மை. நம் சபையின் வாத்தியங்களுக்கு "வேதம் தடுக்கவில்லையே" என்றும், பக்கத்துச் சபையின் மெழுகுவர்த்திக்கு "வேதத்தில் இல்லையே" என்றும் பேசுவது நேர்மை இல்லை. அங்கே நம் விருப்பமே தீர்ப்பு எழுதிவிட்டு வேதத்திடம் கையெழுத்து வாங்குகிறது.

வழக்கத்தைக் கற்பனையாக்குவது

மாற்கு 7:1–13-ஐ வாசியுங்கள். முன்னோரின் பாரம்பரியத்தைக் காக்க தேவனுடைய கற்பனையைத் தள்ளிவிடுகிறீர்கள் என்று இயேசு பரிசேயரையும் வேதபாரகரையும் கண்டிக்கிறார். அங்கே கண்டிக்கப்பட்டவர்கள் வேதத்தை நன்றாகப் படித்தவர்கள்.

"போதகர் சொன்னார்"

போதகர் சொன்னார் என்பது மட்டும் ஆதாரம் ஆகாது. பவுல் சொன்னதையே பெரோயா பட்டணத்தார் தினந்தோறும் வேதவாக்கியங்களில் ஆராய்ந்து பார்த்தார்கள், அதற்காகப் பாராட்டப்பட்டார்கள்.

வாசிப்பைச் சுருக்குவது

வேதமே அதிகாரம் என்று மேடையில் முழங்கும் சில ஆராதனைகளில் வேதம் சத்தமாக வாசிக்கப்படும் நேரம் மிகக் குறைவு. எஸ்றா காலையிலிருந்து மத்தியானம்வரை வாசித்தார். லேவியர் அர்த்தம் சொன்னார்கள். நான் வருமளவும் வாசிப்பதில் ஜாக்கிரதையாயிரு என்று பவுல் தம் உடன் ஊழியரான தீமோத்தேயுவுக்கு எழுதியது சபையில் வாசிப்பதைப் பற்றித்தான். பிரசங்கத்துக்கு எடுத்த பகுதியை முழுவதுமாக, அதன் முன்பின்னோடு வாசிக்கச் செய்யுங்கள். வாசிப்பவரிடம் முந்தின நாளே கொடுத்து ஒத்திகை பார்க்கச் சொல்லுங்கள். நேரம் போதவில்லை என்றால் அறிவிப்புகளைக் குறையுங்கள். அதன் பிறகும் போதவில்லை என்றால் பிரசங்கத்தைக் குறையுங்கள்.