ராயபுரத்துக் குழாய்த் தண்ணீரும் ஆய்வகக் கண்ணாடியும்: பிளஸ் டூ வேதியியல் செய்முறைக்கு

வட சென்னையில் காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் போர் தண்ணீர் உப்புக் கரிக்கும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அந்தத் தண்ணீரில் கழுவிய சோதனைக் குழாயை அப்படியே உப்புப் பகுப்பாய்வுக்கு (கொடுத்த உப்பில் என்னென்ன அயனிகள் என்று கண்டறியும் சோதனைக்கு) எடுத்தால், கொடுத்த உப்பில் இல்லாத குளோரைடு இருப்பதாக விடை வரும். மாணவர் செய்முறை முழுவதையும் ஒழுங்காகச் செய்திருப்பார், பிழை குழாயின் சுவரில் ஒட்டியிருந்த ஈரத்தில் இருக்கும். ஆகவே எந்தக் கருவியைக் கையில் எடுத்தாலும் முதலில் கேட்க வேண்டியது: இதற்குள் கடைசியாக என்ன இருந்தது, அது என் அளவீட்டைக் கெடுக்குமா?

தண்ணீரிலிருந்தே தொடங்கலாம். சுத்தமான சோதனைக் குழாயில் 2 மி.லி. தண்ணீர் எடுத்து, நீர்த்த நைட்ரிக் அமிலம் சில துளி, பிறகு சில்வர் நைட்ரேட் கரைசல் இரண்டு மூன்று துளி விடுங்கள். வாலை வடிநீர் (காய்ச்சி வடித்த நீர்) என்றால் தெளிவாகவே நிற்கும். பால் கலந்ததுபோல் வெளுத்தால் அதில் குளோரைடு இருக்கிறது. போர் தண்ணீரில் திட்டுத்திட்டாகவே விழும். மெட்ரோ வாட்டரும் வெளுக்கும், 20 லிட்டர் கேன் தண்ணீரும் பெரும்பாலும் லேசாக வெளுக்கும். கேன் தண்ணீரை ‘சுத்தமானது’ என்று நம்பிக் கரைசல் தயாரிக்கும் பழக்கம் பல இடங்களில் உண்டு, அதை விட்டுவிட வேண்டும். வாலை வடிநீர் தீர்ந்துபோய் பேட்டரி வாட்டர் வாங்கினாலும் இதே சோதனையைச் செய்து பார்த்த பிறகே பயன்படுத்துங்கள். சில்வர் நைட்ரேட் கையில் பட்டால் கறுப்புக் கறை பிடித்துச் சில நாள் போகாது.

சோப்பும் குழாய்த் தண்ணீரும் அழுக்கைப் போக்கப் போதும். கடைசி அலசல் மட்டும் வாலை வடிநீரில் இருக்க வேண்டும். அதையும் மொத்தமாக ஊற்றாமல் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். ஒவ்வொரு முறை கவிழ்த்த பிறகும் உள்ளே அரை மி.லி. தங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். 15 மி.லி.யை ஒரே தடவையில் ஊற்றி அலசினால் பழைய உப்பில் 31இல் ஒரு பங்கு மிஞ்சும். அதே 15 மி.லி.யை ஐந்தைந்தாக மூன்று தடவை ஊற்றினால் 1331இல் ஒரு பங்குதான் மிஞ்சும். கண்ணாடி உண்மையிலேயே சுத்தமாகிவிட்டதா என்று பார்க்க வெளிச்சத்தில் பிடியுங்கள்: தண்ணீர் மெல்லிய படலமாக வழிந்தால் சுத்தம், முத்துமுத்தாக நின்றால் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறது.

இனி தரம் பார்த்தல், அதாவது செறிவு தெரிந்த கரைசலை அளந்து விட்டு இன்னொன்றின் செறிவைக் கண்டறிவது. பெரஸ் (Fe²⁺ இரும்பு அயனி) கரைசலை பொட்டாசியம் பெர்மாங்கனேட்டுக்கு எதிராகத் தரம் பார்ப்பதாக எடுத்துக்கொள்வோம். பியூரெட்டை (அளவுக் கோடுகளும் கீழே திருகும் உள்ள நீண்ட குழாய்) வாலை வடிநீரில் அலசிய பின் பெர்மாங்கனேட்டிலேயே இரண்டு தடவை, தடவைக்கு 5 மி.லி. வீதம் அலசிக் கொட்டிவிட வேண்டும். உள்ளே தண்ணீர் தங்கினால் பெர்மாங்கனேட் நீர்த்துப்போய், கூடுதல் கனஅளவு செலவாகும். பிப்பெட்டையும் (குறித்த அளவை இழுத்து எடுக்கும் குழாய்) அதேபோல் பெரஸ் கரைசலில் அலச வேண்டும், இல்லையென்றால் உள்ளே போகும் பெரஸ் குறைந்து அளவீடு குறையும். கூம்புக் குடுவை மட்டும் இதற்கு நேர் எதிர். அதை எந்தக் கரைசலிலும் அலசக் கூடாது, வாலை வடிநீர் மட்டும்தான். குடுவையில் தண்ணீர் ஈரம் இருந்தால் பாதகமில்லை, பிப்பெட்டால் விட்ட பெரஸின் அளவு தண்ணீரால் மாறாது. கரைசலில் அலசினால் சுவரில் ஒட்டிய அளவும் கணக்கில் சேர்ந்துகொள்ளும்.

பியூரெட்டைப் புனல் வைத்து பூஜ்யத்துக்கு மேல் வரை நிரப்பி, புனலை உடனே எடுத்துவிடுங்கள். புனலின் காம்பில் நிற்கும் ஒரு துளி நடுவில் விழுந்தால் 0.05 மி.லி. குளறுபடி. பிறகு திருகைச் சட்டென்று முழுதாகத் திறந்து, கீழ்முனையில் இருக்கும் காற்றுக் குமிழியை விரட்டுங்கள். பெர்மாங்கனேட்டின் கருநிறத்தில் குமிழி கண்ணில் படாது, அதனால் முனையை வெளிச்சத்துக்கு எதிரே வைத்துப் பார்க்க வேண்டும். 0.4 மி.லி. குமிழி தரம் பார்க்கும்போது வெளியேறினால், 20.0 வர வேண்டிய அளவீடு 20.4 என்று வரும். அது 2 சதவீதப் பிழை.

அளவீடு படிப்பதில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். நிறமற்ற கரைசலுக்குப் பிறைத்தளத்தின் (குழாய்க்குள் வளைந்து நிற்கும் கரைசலின் மேற்பரப்பு) அடிவிளிம்பைப் படிப்போம். பெர்மாங்கனேட்டில் அடிவிளிம்பு தெரியாது, மேல்விளிம்பைத்தான் படிக்க வேண்டும், தொடக்கத்திலும் முடிவிலும் ஒரே விளிம்பை. கண் கரைசல் மட்டத்துக்கு மேலே இருந்தால் பியூரெட்டில் எண் குறைந்து தெரியும், கீழே இருந்தால் கூடித் தெரியும். உயரம் போதாதவர் எட்டிப் பார்க்க வேண்டாம், தாங்கியை மேசையிலிருந்து ஸ்டூலுக்கு இறக்கிக்கொள்ளலாம். பின்னால் ஒரு வெள்ளைத் தாள் பிடித்தால் கோடு தெளிவாகும். 50 மி.லி. பியூரெட்டில் மிகச்சிறிய கோடு 0.1 மி.லி.

பிப்பெட்டை வாயால் உறிஞ்சுவது இன்னும் நடக்கிறது. ரப்பர் பல்ப் பயன்படுத்துங்கள், வாய்க்குள் அமிலம் போனபிறகு வருந்திப் பயனில்லை. கோட்டுக்குச் சற்று மேலே வரை இழுத்து, ஆள்காட்டி விரலால் மூடி, விரலை லேசாக உருட்டி மட்டத்தைக் கோட்டுக்கு இறக்குங்கள். கட்டைவிரலால் மூடினால் இந்தக் கட்டுப்பாடு வராது. குடுவையில் விட்ட பின் நுனியைச் சுவரில் தொட்டுச் சில நொடி நிறுத்துங்கள். நுனியில் கடைசியாக நிற்கும் துளியை ஊதக் கூடாது, அந்தத் துளியைக் கழித்தே 20 மி.லி. என்று கோடு போட்டிருக்கிறார்கள்.

குடுவையில் பெரஸ் கரைசல் 20 மி.லி.யுடன் நீர்த்த கந்தக அமிலம் ஏறக்குறைய 20 மி.லி. சேர்த்து, சூடாக்காமல் தரம் பாருங்கள். அமிலம் குறைந்தால் மாங்கனீஸ் டை ஆக்சைடு பழுப்பாகக் கலங்கும், அந்தக் குடுவையைக் கொட்டிவிட்டுத் திரும்பத் தொடங்க வேண்டியதுதான். ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றினால் பெர்மாங்கனேட் அதையும் குளோரினாக ஆக்சிஜனேற்றம் செய்யும், அளவீடு கூடும். பெரஸுக்குப் பதில் ஆக்சாலிக் அமிலமாக இருந்தால் குடுவையை 60 முதல் 70 டிகிரி வரை சூடாக்க வேண்டும். அப்போதும் முதல் சில துளிகளின் நிறம் மெதுவாகவே மறையும், பயப்பட வேண்டாம். மாங்கனஸ் அயனி உருவான பிறகு அதுவே வினையை வேகப்படுத்தும். இடக்கை திருகில், வலக்கை குடுவையைச் சுழற்றியபடி, முடிவுநிலை நெருங்கும்போது துளித்துளியாக விடுங்கள். வெளிர் இளஞ்சிவப்பு அரை நிமிடம் மறையாமல் நின்றால் முடிவு. இரண்டு அளவீடுகள் 0.1 மி.லி.க்குள் ஒத்து வரும் வரை திரும்பச் செய்யுங்கள்.

பீக்கரில் இருக்கும் கோடுகளை அளவாக எடுக்காதீர்கள், 5 சதவீதம் வரை தள்ளியிருக்கலாம். அளவு உருளை நீர்த்த அமிலம் எடுக்கப் போதும். திட்டக் கரைசலுக்கு (செறிவு துல்லியமாகத் தெரிந்த கரைசல்) திட்டக் குடுவைதான், அதைச் சூடாக்கவே கூடாது. கரைசல் சூடாக இருந்தால் பீக்கரிலேயே ஆறவிட்டு ஊற்றுங்கள்.

கடற்காற்று ரசாயனப் பாட்டில்களையும் விடாது. பெரஸ் சல்பேட் பச்சைப் படிகங்களின்மேல் மஞ்சள் பழுப்புப் படிந்தால் அது ஆக்சிஜனேற்றம் அடைந்துவிட்டது, எடை போட்டாலும் கணக்கு சரிவராது. பெரஸ் அம்மோனியம் சல்பேட் இன்னும் நிலையானது, 0.1 நார்மல் (செறிவின் அலகு) கரைசலுக்கு லிட்டருக்கு 39.2 கிராம். கரைக்கும் தண்ணீரில் முதலிலேயே கொஞ்சம் நீர்த்த கந்தக அமிலம் சேர்த்துவிடுங்கள். சோடியம் ஹைட்ராக்சைடு வில்லைகளைத் தாளில் கொட்டி எடை போட வேண்டாம், பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஈரம் இழுத்துப் பளபளக்கும். தாங்கிகளின் துருவும் கவனிக்க வேண்டியது: ஒரு செதில் குழாயில் விழுந்து அமிலத்தில் கரைந்தால், உப்பில் இல்லாத இரும்பு இருப்பதாகப் பெரிக் (Fe³⁺ இரும்பு அயனி) சோதனை காட்டும். தாங்கிகளின் திருகுகளில் மாதம் ஒருமுறை ஒரு துளி எண்ணெய் விடுங்கள்.

பன்சன் அடுப்பைக் காற்றுத் துளையை மூடிவைத்துப் பற்றவைத்து, பிறகு திறந்து நீலச் சுடருக்குக் கொண்டுவாருங்கள். மஞ்சள் சுடர் கரி பிடிக்க வைக்கும். சுடர் உள்வாங்கிக் குழாய்க்குள் எரியத் தொடங்கினால் வாயுவை நிறுத்தி, அடுப்பு ஆறிய பிறகு துளையைக் குறைத்துப் பற்றவையுங்கள். சுடர்ச் சோதனைக் கம்பியின் நுனியை விரலால் தொடாதீர்கள், வியர்வையின் உப்பே பொன்மஞ்சள் நிறம் காட்டும்.

வேலை முடிந்ததும் பெர்மாங்கனேட்டைப் பியூரெட்டில் இரவு முழுக்க விடக் கூடாது, பழுப்புக் கறை பிடிக்கும். பிடித்துவிட்டால் ஆக்சாலிக் அமிலக் கரைசலில் கொஞ்சம் நீர்த்த கந்தக அமிலம் சேர்த்து ஊற்றிவைத்தால் கரைந்துபோகும். சோடியம் ஹைட்ராக்சைடு இருந்த கண்ணாடித் திருகு பியூரெட்டை அன்றே கழுவி, திருகைக் கழற்றி, நடுவே ஒரு துண்டுத் தாள் செருகி வையுங்கள். இல்லையென்றால் அடுத்த வாரம் திருகு இறுகிக்கொண்டு, திருப்பும்போது உடையும்.