ஏப்ரலில் பொறுப்பை ஒப்படைக்காதீர்கள்: கல்லூரி ஜெபக்குழுக்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்லூரி ஜெபக்குழுக்களில் ஒவ்வோர் ஆண்டும் புதிதாகப் பொறுப்புக்கு வருகிறவர்கள், முந்தைய அண்ணன்மாரும் அக்காமாரும் விழுந்த அதே பள்ளத்தில்தான் விழுகிறார்கள். ஜெபிக்காமல் கூட்டத்துக்குப் போகாதே, நேரத்துக்கு வா என்பதெல்லாம் யாரும் சொல்லாமலே தெரியும். இங்கே சொல்லப்போவது, நல்ல மனதோடு செய்வதாலேயே தவறென்று தெரியாமல் போகிற சில காரியங்களை.

ஏப்ரலில் கைமாற்றுவது

இதை மட்டும் நீட்டி எழுதுகிறேன். நன்றாக நடந்துகொண்டிருந்த குழு ஆறே மாதத்தில் கலைந்துபோவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். தவிர்ப்பதும் எளிது. அப்படியிருந்தும் வருஷா வருஷம் நடப்பதுதான் மனதை உறுத்துகிறது.

பிரிவு உபசார நாள். கேக் வெட்டியாயிற்று. இறுதியாண்டு அண்ணன் நடுவில் முழங்காலில் நிற்க, எல்லாரும் சுற்றி நின்று ஜெபிக்கிறார்கள். பாதிப் பேர் கண்ணில் கண்ணீர். பிறகு அவர் மூன்றாமாண்டுத் தம்பி ஒருவனின் தோளில் கைபோட்டு, "இனி நீதான்டா பாத்துக்கணும்" என்கிறார். வருகைப்பதிவு நோட்டு கைமாறுகிறது. ஒப்படைப்பு அவ்வளவுதான். அந்தத் தம்பி அதுவரை ஒரு கூடுகையைக்கூடத் தனியாக நடத்தியதில்லை.

கல்லூரி திறந்ததும் வகுப்பறை அனுமதிக்கு யாரிடம் கடிதம் கொடுப்பது என்று அவனுக்குத் தெரியாது. ஆதரவாக நிற்கும் பேராசிரியர் யார் என்பதும் தெரியாது. முதலாண்டு மாணவர்கள் விடுதிக்கு வந்து இறங்கிய முதல் மூன்று வாரத்தில் அவர்கள் அறைக்கதவை யாரும் தட்டுவதில்லை. யாரோடு மெஸ்ஸுக்குப் போவது, ஞாயிற்றுக்கிழமை யாரோடு வெளியே போவது என்பதெல்லாம் அநேகமாக அந்த மூன்று வாரத்தில்தான் முடிவாகிறது. அதற்குப் பிறகு அழைத்தால் மரியாதையாகச் சிரிப்பார்கள், வரமாட்டார்கள். தீபாவளி விடுமுறைக்குள் குழுவில் நாலு பேர்தான் மிச்சம். கிறிஸ்துமஸ் கூடுகைக்குப் பாட்டுப் புத்தகம் எங்கே இருக்கிறது என்றுகூட ஒருவருக்கும் தெரியாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நான்காண்டுப் பொறியியல் படிப்பில் ஏழாவது செமஸ்டர் தொடங்கியதுமே வேலைவாய்ப்பு நேர்காணல்கள் வந்துவிடும். எட்டாவதில் புராஜெக்ட். ஆகவே இறுதியாண்டு மாணவர் மனதளவில் ஆகஸ்டிலேயே பாதி வெளியே போய்விடுகிறார். கலை, அறிவியல் கல்லூரியில் மூன்றே ஆண்டு என்பதால் அங்கே நெருக்கடி இன்னும் அதிகம். எனவே பொறியியல் கல்லூரியில் ஆறாவது செமஸ்டரின் பிப்ரவரியிலும், மூன்றாண்டுப் படிப்பில் நான்காவது செமஸ்டரின் பிப்ரவரியிலும் அடுத்த பொறுப்பாளர்களின் பெயர் முடிவாகிவிட வேண்டும். அவர்கள் இறுதியாண்டுக்குள் நுழையும்போது பழகியவர்களாக நுழைவார்கள். பெயர் முடிவான பிறகும், அவர்களைப் பழக்குகிறவர் இன்னும் சில வாரம் அதே வளாகத்தில் இருப்பார்.

வேதாகமத்தில் எண்ணாகமம் 27-இல் மோசே யோசுவாவை ஏற்படுத்துவதைக் கவனித்து வாசியுங்கள். தான் உயிரோடிருக்கும்போதே, சபையார் எல்லார் முன்னிலையிலும் செய்கிறார். அதிலும் 'உன் கனத்தில் கொஞ்சம் அவனுக்குக் கொடு' என்பதுதான் கட்டளை. கனம் என்றால் அதிகாரமும் மதிப்பும். நம் அண்ணன்மார் வேலையைக் கொடுக்கிறார்கள், கனத்தைக் கடைசி நாள்வரை தாங்களே வைத்துக்கொள்கிறார்கள். பெருமையினால் அல்ல, குழுவைப் பற்றிய பாரத்தினால்தான். தம்பி பாட்டைத் தப்பான சுருதியில் தொடங்குகிறான், வேதபாடத்தைப் பத்தே நிமிடத்தில் முடித்துவிடுகிறான். கூடுகை கெட்டுவிடுமே என்று அடுத்த வாரம் இவரே எடுத்துக்கொள்கிறார். தம்பி கற்றுக்கொள்ள இருந்த ஒரே வாய்ப்பு அங்கே போய்விடுகிறது.

ஒருவரைப் பழக்க எட்டு வாரம் போதும். முதல் இரண்டு வாரம் புதிய பொறுப்பாளர் உங்கள் கூடவே இருக்கட்டும். கூடுகையில் மட்டுமல்ல, அனுமதிக் கடிதம் கொடுக்கப் போகும்போதும், காய்ச்சலில் படுத்திருப்பவரைப் பார்க்கப் போகும்போதும். அடுத்த இரண்டு வாரம் பாதி நீங்கள், பாதி அவர். ஐந்து, ஆறாம் வாரங்களில் அவர் நடத்தட்டும், நீங்கள் கடைசி வரிசையில் உட்காருங்கள். நடுவில் எழுந்து திருத்தாதீர்கள். முடிந்தபின் தனியே, டீ குடித்துக்கொண்டே, ஒரே ஒரு குறையை மட்டும் சொல்லுங்கள். ஐந்து குறையை ஒரே நாளில் கேட்டவர் ஆறாவது முறை நடத்த வரமாட்டார். ஏழு, எட்டாம் வாரங்களில் நீங்கள் வரவே வேண்டாம். இதுதான் எல்லாவற்றிலும் கடினம், இதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள்.

ஒருவரை மட்டும் ஏற்படுத்தாதீர்கள், குறைந்தது இரண்டு பேர் வேண்டும். ஒருவர் விடுதி மாணவர், மற்றவர் தினமும் வீட்டிலிருந்து வருகிறவர். இருபாலரும் படிக்கும் கல்லூரியென்றால் ஒரு தம்பி, ஒரு தங்கை. அவர்களிடம் கொடுக்கும் நோட்டில் பெயர்கள் மட்டும் இருந்தால் போதாது. அனுமதிக் கடிதத்தின் நகல், அதை யாரிடம் எந்த நேரத்தில் கொடுத்தால் கையெழுத்தாகும் என்ற குறிப்பு, உதவும் பட்டதாரிகளின் எண்கள், கையிருப்புத் தொகை, இந்த ஆண்டு முடித்த வேதபாடங்கள் எல்லாம் வேண்டும். யார் எதற்காக ஜெபிக்கக் கேட்டார் என்பதை எழுதாதீர்கள். அது அவர்கள் உங்களை நம்பிச் சொன்னது. இன்னொன்று, வாட்ஸ்அப் குழுவின் அட்மினாக இருந்துகொண்டே "நான் விலகிவிட்டேன்" என்று சொல்லாதீர்கள்.

இந்தியாவில் 1954-இல் தொடங்கிய யு.இ.எஸ்.ஐ. (யூனியன் ஆஃப் இவாஞ்சலிக்கல் ஸ்டூடண்ட்ஸ் ஆஃப் இந்தியா) போன்ற கிறிஸ்தவ மாணவர் இயக்கங்களில் கூடுகையை மாணவர்களே நடத்துவார்கள், பட்டதாரிகள் பின்னால் நின்று தாங்குவார்கள். 2 தீமோத்தேயு 2:2-இல் பவுல், தீமோத்தேயு, உண்மையுள்ள மனிதர், அவர்கள் போதிக்கும் மற்றவர்கள் என்று ஒரே வசனத்தில் நாலு தலைமுறை வருகிறது. கல்லூரியில் ஒரு தலைமுறை மூன்று, நாலு வருஷத்தில் முடிந்துவிடுகிறது. தள்ளிப்போட நமக்கு நேரம் கிடையாது.

கிட்டார் வாசிக்கிறவரைத் தலைவராக்குவது

முதலாண்டில் ஒரு தம்பி வருகிறான். நன்றாகப் பாடுகிறான், கிட்டார் வாசிக்கிறான், உருக்கமாக ஜெபிக்கிறான். இரண்டே மாதத்தில் அவனை மேடையில் நிறுத்திவிடுகிறோம். நூதன சீஷனை, அதாவது புதிதாக விசுவாசத்துக்கு வந்தவரை, பொறுப்பில் வைக்கக்கூடாது என்று 1 தீமோத்தேயு 3:6 சொல்வது சபையை நடத்தும் கண்காணிகளைப் பற்றித்தான் என்றாலும், அங்கே சொல்லப்படும் காரணம் இறுமாப்பு. அது பதினெட்டு வயதில் இன்னும் சீக்கிரம் வரும். பாடட்டும், வாசிக்கட்டும். பொறுப்பு கொடுக்க ஒரு முழு ஆண்டு பொறுங்கள். அந்த ஓராண்டில் கூடுகை முடிந்தபின் நாற்காலி அடுக்க நிற்கிறானா, வராதவனைத் தேடி அறைக்குப் போகிறானா என்று பாருங்கள்.

வேதபாடத்தைப் பிரசங்கமாக்குவது

மதிய இடைவேளை நாற்பத்தைந்து நிமிடம் என்றால், சாப்பாடும் நடையும் போக இருபத்தைந்து நிமிடம் கிடைக்கும். அதில் இருபதை ஒருவரே பேசிவிடுகிறார். கேட்டவர்கள் தலையாட்டிவிட்டுப் போகிறார்கள். அடுத்த வாரம் கேட்டால் எந்தப் பகுதி படித்தோம் என்றே நினைவிருக்காது.

எட்டுப் பேருக்கு மேல் இருந்தால் இரண்டாகப் பிரியுங்கள். பகுதியை ஒரு தாளில் அச்சடித்துக் கொடுங்கள். வேதாகமம் இல்லாமல் முதல்முறை வரும் நண்பர் பக்கம் தேடித் தடுமாற வேண்டியிருக்காது. திமிர்வாதக்காரன் ஒருவனை நாலு பேர் இயேசுவிடம் சுமந்துகொண்டு வரும் மாற்கு 2:1–12 என்றே வைத்துக்கொள்வோம். "இயேசு மேல் நமக்கு விசுவாசம் வேண்டும் அல்லவா?" என்று கேட்டால் "ஆமா" என்று ஒரே வார்த்தையில் முடிந்துவிடும். "ஐந்தாம் வசனத்தில் யாருடைய விசுவாசத்தை இயேசு கண்டார்?" என்று கேளுங்கள். எல்லார் கண்ணும் தாளுக்குப் போகும். 'அவர்கள்' என்று இருப்பதை ஒருவர் கண்டுபிடிப்பார். தூக்கிக்கொண்டு வந்த நாலு பேரைப் பற்றி இன்னொருவர் பேசத் தொடங்குவார். என்ன எழுதியிருக்கிறது, அதன் அர்த்தம் என்ன, இந்த வாரம் நான் என்ன செய்ய வேண்டும் என்ற வரிசையில் கேள்விகள் போகட்டும். கேள்வி கேட்டபின் யாரும் பேசாவிட்டால் மனதுக்குள் பத்துவரை எண்ணுங்கள். பதிலை நீங்களே சொல்லிவிடாதீர்கள்.

காணிக்கைப் பணம்

ஒருவரின் ஜிபேயில் சேரக்கூடாது. இரண்டு பேர் எண்ணி, இரண்டு பேர் கையெழுத்திட வேண்டும்.

ஞாயிறு காலைக் கூடுகை

வேண்டாம். அது சபைக்குரிய நேரம்.

இன்டர்னல் வாரம்

கல்லூரியின் உள்தேர்வு நடக்கும் வாரம் கூடுகை வைக்காதீர்கள். பாடத்தில் தோற்கும் பொறுப்பாளரின் சாட்சியை வகுப்பறையில் யாரும் கேட்க மாட்டார்கள்.

"யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுப்பது

கூடுகை முடிந்து எல்லாரும் போனபின் ஒருவர் தயங்கி நிற்பார். "ஒண்ணு சொல்லணும், யார்கிட்டயும் சொல்லக்கூடாது" என்பார். உடனே சரி என்று சொல்லிவிடாதீர்கள். "உன் உயிருக்கோ வேறொருவர் உயிருக்கோ ஆபத்து என்றால் மட்டும் உதவக்கூடியவரிடம் சொல்வேன், மற்றது என்னோடு இருக்கும்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். வாழப் பிடிக்கவில்லை என்று ஒருவர் சொன்னால், தலையில் கைவைத்து ஜெபித்து அறைக்கு அனுப்பிவிட்டால் போதாது. ஜெபியுங்கள், அதோடு அன்றிரவு அவரைத் தனியே விடாதீர்கள். விடுதிக் காப்பாளருக்கோ நம்பகமான பேராசிரியருக்கோ அன்றே தெரிவியுங்கள். அரசின் மனநல உதவிச் சேவையான டெலிமனாஸ் எண் 14416-ஐ அவர் போனிலேயே அழைத்து, அவர் பேசி முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். மறுநாள் காலை டிபனுக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.