பெடல் வாங்குறதுக்கு முன்னாடி உங்க கைய கொஞ்சம் கேளுங்க

மலேசியாவுல சுங்கை சிப்புட்ல கல்யாண டின்னர், கோயில் திருவிழான்னு எலக்ட்ரிக் கித்தார் வாசிச்சுக்கிட்டு இருக்கேன், அதனால நம்ம தோட்டத்து பசங்க அடிக்கடி ஒரே கேள்வியோட வருவாங்க. அண்ணே எந்த பெடல் (கால்ல மிதிச்சு கித்தார் சத்தத்த மாத்துற பெட்டி) வாங்குனா நல்ல டோன், அதாவது நல்ல சத்தக் குணம் வரும்? போன மாசமும் ஒரு தம்பி வந்தான், வேலைக்கு போய் சேத்த காசு 400 வெள்ளி கையில, பெடல் வாங்க ஈப்போ டவுனுக்கு போகலாமான்னு கேக்குறான். நான் அவன் கித்தார வாங்கி, அவன் ஆம்ப்லயே (கித்தார் சத்தத்த பெருக்குற ஸ்பீக்கர் பெட்டி), ஒரு திருகக் கூட தொடாம அவன் வாசிச்ச அதே ரிஃப்ப, அதாவது அதே சின்ன மெட்டுத் துண்ட வாசிச்சேன். தம்பி முகம் மாறிடுச்சு, ஏன்னா அவன் வாசிக்கும்போது சத்தம் மெலிசா கிறீச்சுன்னு இருந்துச்சு, இப்ப தடிப்பா வந்துச்சு.

உருமி மேளம் கேட்டு வளந்தவங்களுக்கு இது சட்டுன்னு புரியும். அதே உருமி, அதே வளைஞ்ச குச்சி, தேய்க்கிற கையோட அழுத்தம் மாறுனா அழுற சத்தமே மாறிடும்ல, கித்தாரும் அப்படித்தான்.

இன்னைக்கே இத செஞ்சு பாருங்க. சத்தத்த கரகரப்பாக்குற டிஸ்டார்ஷன் எல்லாம் ஆஃப், ஆம்ப் கிளீன்ல, போன்ல ரெக்கார்டிங் ஆன் பண்ணிட்டு மூணாவது கம்பிய சும்மா திறந்து விட்டு பிரிட்ஜ் (கித்தார் உடம்புல கம்பி தாங்கி நிக்கிற இடம்) பக்கத்துல ஒரு தட்டு, பிக்கப்புங்களுக்கு (கம்பி அதிர்வ கரண்டா மாத்துற காந்தக் கட்டைங்க) நடுவுல ஒரு தட்டு, 12வது ஃப்ரெட்டுக்கு (கழுத்துல குறுக்கா பதிச்ச உலோகக் கம்பி) நேரா ஒரு தட்டு. பிரிட்ஜ் கிட்ட கூர்மையா, தகரம் மாதிரி வரும், ஏன்னா அங்க தட்டும்போது அடி சத்தம் குறைஞ்சு மேல இருக்குற ஹார்மோனிக்ஸ், அதாவது அந்த சுரத்துக்குள்ளயே சேந்து ஒலிக்கிற மேல் சுரங்க, தூக்கலா தெரியும். 12வது ஃப்ரெட் கம்பிக்கு சரி பாதி, அந்த இடத்துல தட்டுனா இரட்டைப்படை ஹார்மோனிக்ஸ் எழும்பவே எழும்பாது, அதான் புல்லாங்குழல் மாதிரி உருண்டையா கேக்குது. நம்ம தம்பி பிரிட்ஜ ஒட்டியே பயந்து பயந்து தட்டிக்கிட்டு இருந்தான், கைய மூணு விரல் தூரம் தள்ளி வைக்க சொன்னேன், பாதி பிரச்சன அங்கயே முடிஞ்சுது.

அடுத்து பிக், கம்பிய தட்டுற சின்ன தகடு. மெல்லிசு பிக் வளைஞ்சு கொடுக்கும், டிக் டிக்னு பிளாஸ்டிக் சத்தம் சேரும், 1 மில்லிமீட்டருக்கு மேல போனா நோட்டு உறுதியா வரும். பிக்க கொஞ்சம் சாய்ச்சு பிடிச்சா ஓரம் கம்பிய உரசி லேசா சொரசொரப்பு வரும். குயின் பேண்ட் கித்தாரிஸ்ட் பிரையன் மே பழைய இங்கிலாந்து ஆறு பென்ஸ் காசாலதான் வாசிப்பாரு, டயர் ஸ்ட்ரெய்ட்ஸ் பேண்ட் மார்க் நாஃப்ளர் பிக்கே இல்லாம விரலால, ரெண்டு பேரையும் ஒரு நோட்டுலயே கண்டுபிடிச்சிடலாம். இடது கைய மறக்காதீங்க, ஃப்ரெட் கம்பிக்கு சரியா பின்னாடி அழுத்துங்க, ரொம்ப நசுக்குனா சுருதி ஏறிடும். பெண்டிங் (கம்பிய இழுத்து சுருதி ஏத்துறது), விப்ராட்டோ (சுருதிய லேசா ஆட்டுறது) ரெண்டும் வீணையில கம்பிய இழுத்து கமகம் குடுக்குற மாதிரிதான், எந்த சுரத்துல போய் நிக்கணும்னு காதுல முதல்ல கேட்டுட்டு அப்புறம் இழுங்க. வாசிக்காத கம்பிய ரெண்டு கையாலயும் அடக்கி வைக்கணும், சத்தம் அழுக்கா இருக்குன்னு சொல்றவங்கள்ல நிறைய பேருக்கு குறை இங்கதான்.

ஆனா டோன் எல்லாமே விரல்லதான்னு சொல்றவங்க கூடயும் நான் ஒத்துப்போக மாட்டேன். ஒரே ஒரு கம்பிச்சுருள் இருக்குற சிங்கிள் காயில் பிக்கப்புல வர்ற ம்ம்ம்ங்கிற இரைச்சல எந்த விரலும் நிறுத்தாது, நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், கல்யாண மண்டபத்து டியூப் லைட் எல்லாம் சேந்து அதுல ஏறிடும். அதுக்குத்தான் கிப்சன் கம்பெனியில சேத் லவர் 1955ல ரெண்டு காயில எதிரும் புதிருமா சேத்து அந்த இரைச்சல அடக்குற ஹம்பக்கர் பிக்கப் செஞ்சாரு, சத்தமும் கொஞ்சம் கொழுப்பா வரும்.

எல்லாத்தையும் விட பெருசா டோன மாத்துறது ஸ்பீக்கர், பசங்க இத கண்டுக்குறதே இல்ல. கித்தார் ஸ்பீக்கர் 5000 ஹெர்ட்ஸ தாண்டுனா மளமளன்னு இறங்கிடும், டிஸ்டார்ஷனோட கொசு இரைச்சல வடிகட்டுறது அதுதான். ஆம்ப் தூக்க சோம்பல் பட்டு டிஸ்டார்ஷன் பெடல நேரா மண்டபத்து மிக்சர்ல குத்துனீங்கன்னா அந்த வடிகட்டி இல்லாம காது கிழியும், கேபினட் சிமுலேஷன் (கித்தார் ஸ்பீக்கர் மாதிரியே வடிகட்டுற வசதி) இருக்குற பெடல் ஒன்னு நடுவுல இருக்கணும். தம்பிக்கிட்ட அந்த 400 வெள்ளிய இதுக்கு வச்சுக்கன்னு சொன்னேன், அவன்கிட்ட இருக்குறது ரூம்ல வாசிக்கிற சின்ன ஆம்ப்தான்.

ஆம்ப் இருக்கா, அத நாற்காலி மேல வைங்க. ட்ரெபிள், அதாவது கீச்சு சத்தம், ஸ்பீக்கருக்கு நேர் எதிர்லதான் போகும், ஆம்ப் தரையில இருந்தா அது உங்க முட்டிக்குத்தான் கேக்கும், நீங்க பத்தலன்னு ட்ரெபிள ஏத்துவீங்க, முன்வரிசையில உக்காந்திருக்குற பாட்டி காத பொத்திக்குவாங்க. தரையில வச்சா பாஸும், அதாவது அடி சத்தமும், தேவையில்லாம வீங்கும். வீட்டுல மிட்ட (நடு சத்தத்த) குறைச்சு வச்சா அழகா இருக்கும், ஆனா கீபோர்டு, தபேலா, டிரம்ஸ் எல்லாம் சேர்ற இடத்துல கித்தார் காணாமப் போயிடும், அதனால மேடையில மிட்ட ஏத்துங்க, கரகரப்ப கூட்டுற கெய்ன குறைங்க. கெய்ன் அதிகமானா மெதுவா தட்டுனாலும் வேகமா தட்டுனாலும் ஒரே அளவு சத்தம்தான், அப்ப கை படிச்ச வித்தை எதுவும் வெளிய தெரியாது. கித்தார் வால்யூம் 10ல லீடுக்கு (தனியா முன்னுக்கு வந்து வாசிக்கிற இடத்துக்கு) டோன் செட் பண்ணிட்டு, பாட்டு வரும்போது 6, 7க்கு இறக்குங்க, ஒரு பெடலும் மிதிக்காம சத்தம் தெளிஞ்சிடும்.

பிக்கப் உயரம் ஸ்க்ரூ டிரைவர் வேலைதான். கடைசி ஃப்ரெட்டுல கம்பிய அழுத்திப் பிடிச்சு பிக்கப்புக்கும் கம்பிக்கும் நடுவுல 2 மில்லிமீட்டர்ல ஆரம்பிங்க, ரொம்ப ஒட்டி வச்சா காந்தம் கம்பிய இழுத்து சுருதி ஆடும்.

கம்பி தடிச்சா டோன் தடிக்கும்னு ஒரு நம்பிக்கை இருக்கு, அமெரிக்க கித்தாரிஸ்ட் ஸ்டீவி ரே வான் 13 (மெல்லிசு கம்பியோட தடிமன், இன்ச்சுல ஆயிரத்துல ஒரு பங்கு கணக்கு) போட்டாரு உண்மைதான், ZZ டாப் பேண்ட் பில்லி கிப்பன்ஸ் 7 போட்டு அதே அளவு கொழுத்த சத்தம் எடுக்குறாரு. நீங்க 9 இல்ல 10 போடுங்க, விரல் வலிக்காம பெண்ட் பண்ண முடியுறதுதான் முக்கியம். நம்ம ஊர் வெக்கையில வேர்வை பட்டு கம்பி சீக்கிரம் துரு பிடிக்கும், துரு பிடிச்ச கம்பியில ட்ரெபிள் செத்துடும், அதனால வாசிச்சு முடிச்சதும் காஞ்ச துணியால ஒவ்வொரு கம்பியையும் அடி வரைக்கும் துடைங்க. தம்பி இப்ப கித்தார் பேக்லயே பழைய பனியன் துணி ஒன்னு வச்சிருக்கான்.