கூடுதலாகச் சாப்பிடத் தொடங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சாப்பிடவே பயந்து, அளவைக் குறைத்துக் குறைத்து, உணவோடு பல ஆண்டுகள் மல்லுக்கட்டி மீண்டவள் நான். இப்போதுதான் அளவைக் கூட்டத் தொடங்கியிருப்பவர்களுக்குச் சாப்பாட்டு நேரத்தில் துணையாக உட்காருகிறேன். அவர்கள் தடுக்கி விழும் இடங்களெல்லாம் நான் விழுந்து எழுந்த இடங்கள். வேளை தவறாதீர்கள், தண்ணீரால் வயிற்றை நிரப்பாதீர்கள் என்பதையெல்லாம் ஏற்கெனவே கேட்டிருப்பீர்கள், அவற்றை விட்டுவிடுகிறேன்.

அடுத்த வேளையில் ஈடுகட்டுவது

அண்மையில் ஒரு பெண் உள்ளே வரும்போதே சொன்னாள்: "நேற்று இரவு தட்டில் வைத்ததை முழுவதும் சாப்பிட்டுவிட்டேன், அக்கா." மகிழ்ந்தேன். காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன். "பசிக்கவே இல்லை. 11 மணிக்குத்தான் கொஞ்சம்..." எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவள்மீது அல்ல, அதே பதிலை வரி பிசகாமல் சொல்லித் திரிந்த என்மீது.

அப்போது நான் ஒரு குறிப்பேடு வைத்திருந்தேன். என்ன சாப்பிட்டேன் என்று எழுதிவரச் சொல்லியிருந்தார் மருத்துவர். நானோ ஓரத்தில் பென்சிலால் கூட்டல், கழித்தல் குறிகளும் போட்டுவந்தேன். மதியம் ஒரு கரண்டி கூடினால் கூட்டல். மாலைச் சிற்றுண்டியைத் தள்ளித் தள்ளி இரவு உணவோடு சேர்த்து முடித்துவிட்டால் கழித்தல். படுக்கும்முன் கணக்கு நேரானால்தான் தூக்கம் வரும். ஒவ்வொரு வேளையின் பயத்தையும் முழுதாக அனுபவித்தேன். உடம்பில் மட்டும் எதுவும் சேரவில்லை. 7 மாதம் இப்படி வீணாயிற்று. இன்றும் நினைத்தால் எரிச்சலாக இருக்கிறது.

பதற்றம் ஏறும், உச்சத்தைத் தொடும், நாம் ஒன்றும் செய்யாவிட்டாலும் இறங்கும். அப்படி இறங்குவதைப் பலமுறை கண்டால்தான் மூளைக்கு இதில் ஆபத்தில்லை என்று பிடிபடும். அடுத்த வேளையைக் குறைத்தால் பதற்றம் உடனே தணிவது உண்மைதான். ஆனால், குறைத்ததால்தான் தப்பித்தோம் என்று மூளை எழுதிவைத்துக்கொள்கிறது. மறுநாள் அதே தட்டு இன்னும் பெரிதாகத் தெரியும்.

ஈடுகட்டுதல் பல வேடத்தில் வரும்: சாப்பிட்ட கையோடு நீண்ட நடை, தேவையில்லாமல் படியேறுவது, 'வயிற்றுக்கு ஓய்வு'. எந்த வேடத்தில் வந்தாலும் விடை ஒன்றுதான். நேற்று இரவு என்ன சாப்பிட்டிருந்தாலும் காலை உணவு அதே நேரத்தில், அதே அளவில்.

பசிக்காகக் காத்திருப்பது

நெடுநாள் குறைவாகச் சாப்பிட்டவர்களுக்கு இரைப்பை மெதுவாகத்தான் காலியாகும். நான்கு வாய்க்குள் வயிறு நிறைந்துவிடும், உப்பிக்கொள்ளும். ஒழுங்காகச் சாப்பிட்டுவந்தால்தான் இது சீராகும். அதுவரை கடிகாரம் சொல்வதைக் கேளுங்கள்: மூன்று, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை.

அடங்காத பசியைக் கண்டு மிரள்வது

சிலருக்கு நேர்மாறு. 1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர் நடத்திய ஆய்வில், நல்ல உடல்நலத்தோடிருந்த 36 இளைஞர்கள் ஏறக்குறைய ஆறு மாதம் அரைப்பட்டினி இருந்தார்கள். அவர்களில் சிலர் சமையல் புத்தகங்களில் மூழ்கிப்போனார்கள். தாராளமாக உணவு கிடைத்த பிறகும் சிலருக்கு வயிறு நிறைந்தும் பசி தீரவில்லை. நள்ளிரவில் சமையல் குறிப்புகளைப் புரட்டிக்கொண்டிருந்த எனக்கு, அது என் குணக்கேடு இல்லை என்று இதைப் படித்த பிறகுதான் உறைத்தது.

தினமும் எடை பார்ப்பது

முதல் வாரங்களில் ஏறும் எடையில் நீரும் சேர்த்தி. எடைக்கருவிக்கு அது தெரியாது.

மருத்துவரிடம் சொல்லாமல் கூட்டுவது

இதில் விளையாட்டு வேண்டாம். நீண்ட பட்டினிக்குப் பிறகு உணவு கூடும்போது, முதல் சில நாட்களில் ரத்தத்தில் பாஸ்பேட் என்னும் தாது உப்பு சட்டென்று இறங்கி இதயத்தையே பாதிக்கக்கூடும். ரத்தப் பரிசோதனை செய்து, மருத்துவர் சொல்லும் வேகத்தில் கூட்டுங்கள். மயக்கம், படபடப்பு, கால் வீக்கம், மூச்சுத்திணறல் வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

சாப்பிட்டதும் தனியாக இருப்பது

முதல் ஒரு மணி நேரம்தான் கொடுமை. யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கைக்கு ஏதாவது வேலை கொடுங்கள். அந்தப் பெண்ணும் நானும் இப்போது சாப்பிட்டதும் சீட்டு விளையாடுகிறோம். அழுகுணி ஆட்டம் ஆடுகிறாள். பார்த்தும் பார்க்காததுபோல் இருந்துவிடுகிறேன்.