'சனியன்று' என்ற சொல்லை அழிக்காத வடிகட்டி: தமிழ் வசைச்சொல் வடிகட்டியைப் படிப்படியாக அமைத்தல்

நான் முதலில் எழுதிய சொல் வடிகட்டி மூன்றே வரிதான். தடைசெய்த சொற்களுக்கு ஒரு பட்டியல், வரும் செய்தியில் அவற்றுள் ஏதேனும் இருக்கிறதா என்று ஒரு தேடல், இருந்தால் அழித்துவிட ஓர் ஆணை. மறுநாளே "சனியன்று காலை பத்து மணிக்குக் கூட்டம்" என்ற அறிவிப்பு காணாமல் போனது. பட்டியலில் 'சனியன்' இருந்தது. 'சனியன்று' என்ற சொல்லுக்குள் அது முழுதாக இருக்கிறது.

அதையாவது மறுபடி எழுதிக்கொள்ளலாம். அதே வாரத்தில் ஒரு பெண், தன்னை ஒருவர் எப்படியெல்லாம் திட்டினார் என்று முறையிட்டு எழுதினார். திட்டியவர் எழுத்துகளுக்கு நடுவே புள்ளி வைத்து எழுதியிருந்ததால் அவருடைய செய்தி அப்படியே நின்றது. அந்தச் சொல்லை உள்ளபடி எடுத்துக்காட்டிய பெண்ணின் முறையீடு அழிந்தது. அதை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை. முதல் முறையாக வடிகட்டி எழுதுகிறவர்கள் இந்த இரண்டு தவறுகளையும் செய்யாமல் இருக்கவே இதை எழுதுகிறேன். ஓரளவு நிரல் எழுதத் தெரிந்தால் போதும். எடுத்துக்காட்டுகளுக்கு மென்மையான வசைகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: ஒரு பட்டியல் போதாது

இரண்டு பட்டியல்கள் வையுங்கள். எந்த இடத்தில் வந்தாலும் வசையாகவே இருக்கும் சொற்கள் முதல் பட்டியலுக்கு. சாதியைச் சொல்லி இழிவுபடுத்தும் சொற்களும் பெண்களைக் குறிவைக்கும் கெட்ட வார்த்தைகளும் பெரும்பாலும் இதில் சேரும். இடத்தைப் பொறுத்துப் பொருள் மாறும் சொற்கள் இரண்டாவதற்கு. 'கழுதை' திட்டாகவும் வரும், விலங்காகவும் வரும்; 'கழுதைப்புலி' பற்றிக் கேட்கும் மாணவர் யாரையும் திட்டவில்லை. ஐயம் வந்தால் இரண்டாவதில் போடுங்கள். முதல் பட்டியல் எவ்வளவு சிறியதோ அவ்வளவு நல்லது.

படி 2: எழுத்தைச் சமன் செய்யுங்கள்

கண்ணுக்கு ஒன்றுபோல் தெரியும் இரண்டு சொற்கள் கணினிக்கு வேறு வேறாக இருக்கலாம். எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுக்கும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில் 'கொ' என்ற எழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ககரத்தோடு ஒரே ஒகரக் குறி சேர்த்து, அல்லது ககரத்தோடு எகரக் கொம்பும் துணைக்காலும் தனித்தனியாகச் சேர்த்து. திரையில் வேறுபாடே தெரியாது, தேடல் மட்டும் தோற்கும். பைத்தானிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் இதற்கென்றே 'நார்மலைஸ்' என்ற செயற்கூறு இருக்கிறது. அதில், பிரிந்து கிடக்கும் குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் 'என்எஃப்சி' (NFC) வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். 'கௌரவம்' என்பதைக் கொம்பும் ளகரமும் போட்டுக் 'கெளரவம்' என்று எழுதுகிறவர்கள் ஏராளம். அதை இந்தச் செயற்கூறு சரிசெய்யாது. ஔகாரம் வரும் சொற்களைப் பட்டியலில் இரு வடிவிலும் எழுதுங்கள்.

அடுத்து, கண்ணுக்குத் தெரியாத எழுத்துகள். அகலமே இல்லாத இடைவெளிக் குறியைச் சொல்லின் நடுவில் செருகினால் எளிய தேடல் ஏமாந்துவிடும். நீக்குங்கள், ஆனால் சோதிக்கும் நகலில் மட்டும் நீக்குங்கள். ககர மெய்யையும் ஷகரத்தையும் 'க்ஷ' என்று ஒட்டிக்கொள்ளாமல் பிரித்துக் காட்ட அப்படியொரு குறி முறையாகவே பயன்படுகிறது. எழுதியவரின் மூலச் செய்தியில் கை வைக்க வேண்டாம்.

"முட்டாாாாள்" என்று இழுத்து எழுதுவது இன்னொரு வழி. ஒரே உயிர்க்குறி அடுத்தடுத்து வந்தால் ஒன்றாகச் சுருக்குங்கள். மெய்யெழுத்துகளில் அவசரம் கூடாது: 'மமதை', 'ததும்பி' போன்ற சொற்களில் ஒரே எழுத்து இருமுறை வருவது இயல்பு. மூன்றும் அதற்கு மேலும் வந்தால் மட்டும் சுருக்குங்கள்.

"மு.ட்.டா.ள்" என்று புள்ளி வைத்துப் பிரித்தால், தனித்தனி எழுத்துகளாக நிற்பவற்றை ஒட்டிவிட்டுச் சோதிக்க வேண்டும். இங்கே கவனம்: நமக்கு 'மு' ஓர் எழுத்து, யூனிகோடுக்கு அது மகரமும் உகரக் குறியுமாக இரண்டு. 'முட்டாள்' நம் கணக்கில் நான்கு எழுத்து, கணினியின் கணக்கில் எட்டு. உயிர்மெய்யை ஓர் அலகாக வைத்து எண்ணாவிட்டால் இந்தப் படி வேலை செய்யாது.

படி 3: சொல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது?

சொல்லுக்குள் சொல் சிக்கும் தொல்லை தமிழுக்கு மட்டும் உரியதன்று. 1996-இல் இங்கிலாந்தின் ஸ்கன்தோர்ப் நகரவாசிகள் ஏஓஎல் என்ற இணையச் சேவை நிறுவனத்தில் கணக்குத் தொடங்க முடியாமல் தவித்தார்கள். ஊர்ப் பெயரின் நடுவில் ஓர் ஆங்கில ஆபாசச் சொல் இருந்ததே காரணம். இந்தச் சிக்கலுக்கே அந்த ஊரின் பெயர் நிலைத்துவிட்டது.

முழுச்சொல்லாக இருந்தால் மட்டும் பிடி என்பதுதான் ஆங்கிலத்தில் வழக்கமான தீர்வு. அதற்கு ரீஜெக்ஸில், அதாவது எழுத்துக் கோலங்களைத் தேடும் குறிமொழியில், உள்ள சொல்லெல்லைக் குறியைத் தமிழில் நம்பாதீர்கள். பைத்தானோடு வரும் ரீஜெக்ஸ் தொகுதி உயிர்க்குறிகளையும் மெய்ப்புள்ளியையும் சொல்லின் பகுதியாகக் கருதாது. அதனால் சொல்லின் நடுவிலேயே எல்லை இருப்பதாக எண்ணிக்கொள்ளும். ஜாவாஸ்கிரிப்டில் அந்தக் குறி தமிழ் எழுத்துகளைச் சொல்லாகவே எடுத்துக்கொள்ளாது. இடைவெளியிலும் நிறுத்தக்குறிகளிலும் நீங்களே வெட்டிச் சொற்களைப் பிரியுங்கள்.

படி 4: விகுதிகள்

எனக்கு அதிக நாள் பிடித்த படி இதுதான். 'முட்டாள்' என்று பட்டியலில் எழுதினால் 'முட்டாளே', 'முட்டாளை', 'முட்டாளாக' எதுவும் சிக்காது. உயிர் வந்து சேர்ந்ததும் கடைசி மெய்யின் புள்ளி மறைந்துவிடுகிறது அல்லவா? கணினிக்கு அது வேறு சொல். புள்ளியை எடுத்துவிட்டு 'முட்டாள' என்று பட்டியலில் வைத்து, சொல்லின் எந்த இடத்தில் இருந்தாலும் தேடச் சொன்னால் எல்லா வடிவங்களும் அகப்படும்; 'அடிமுட்டாள்' கூடத் தப்பாது.

அதே தந்திரத்தை 'நாய்' என்ற சொல்லுக்குச் செய்து பாருங்கள். 'நாய' என்று தேடினால் நாயகன், நாயன்மார், விநாயகர், ஜனநாயகம் எல்லாம் மாட்டிக்கொள்ளும். 'அடியேன்' என்பதுபோல் ஒருவர் பணிவோடு தன்னைச் சொல்லும் 'நாயேன்' கூட 'நாயே' என்ற தேடலில் விழும்.

ஆகவே சொல்லின் நீளத்தைப் பாருங்கள். நீண்ட, வேறெங்கும் வராத சொல்லை அடிச்சொல்லாகத் தேடலாம். குட்டைச் சொல்லுக்கு வசையாக வரும் வடிவங்களை மட்டும் ஒவ்வொன்றாக எழுதி, முழுச்சொல்லாக ஒப்பிடுங்கள். 'நாய்' பட்டியலிலேயே வேண்டாம். விளிக்கும் ஏகாரம் சேர்ந்த 'நாயே' போதும், அதுவும் இரண்டாம் பட்டியலில்; ஏனென்றால் "காவல் நாயே பயந்து ஓடியது" என்றும் ஒருவர் எழுதலாம். நடுத்தரச் சொற்களுக்கு விலக்குப் பட்டியல் ஒன்று தேவை. 'சனியன்' என்பதற்கு விலக்கு 'சனியன்று'. 'சனியன்றும்', 'சனியன்றுதான்' எல்லாம் அதில் அடங்கிவிடும்.

'முட்டால்' என்று லகரத்தில் எழுதித் தப்பிப்பவர்களும் உண்டு. ல, ள, ழ மூன்றையும் ஒன்றாக்கித் தேடும் ஆசை வரும். அப்படிச் செய்தால் கலை, களை, கழை மூன்றும் ஒரே சொல்லாகிவிடும். அடிக்கடி வரும் பிழை வடிவத்தை மட்டும் தனிச்சொல்லாகச் சேர்த்துவிடுங்கள்.

படி 5: பிடித்த பிறகு என்ன செய்வது?

வேறு சொல்லை மாற்றி வைக்காதீர்கள். 2008-இல் ஓர் அமெரிக்கச் செய்தித் தளம், தன்பாலீர்ப்பாளரைக் குறிக்கும் 'கே' என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் பதில் 'ஹோமோசெக்சுவல்' என்று தானாக மாற்றும் ஏற்பாடு வைத்திருந்தது. ஓட்டப்பந்தய வீரர் டைசன் கே வென்ற செய்தியில் அவருடைய குடும்பப் பெயரே மாறிப்போய் வெளியானது. நட்சத்திரக் குறி போட்டு மறைப்பதும் எனக்கு உடன்பாடில்லை. திட்டு வாங்கியவர் அந்த இடத்தில் என்ன சொல் என்று நொடியில் படித்துவிடுகிறார், வலி குறைவதில்லை.

முதல் பட்டியல் என்றால் அனுப்பும் முன்பே நிறுத்திக் காரணத்தைச் சொல்லுங்கள்: "உங்கள் செய்தியில் உள்ள இந்தச் சொல்லால் இது நிறுத்தப்பட்டுள்ளது. மாற்றி எழுதலாம், அல்லது ஒருவர் படித்துப் பார்க்கும்படி கேட்கலாம்." இரண்டாம் பட்டியல் என்றால் செய்தி ஒரு மனிதரின் பார்வைக்குப் போகட்டும். எதையும் ஓசையில்லாமல் அழிக்காதீர்கள்.

முறையீடு செய்யும் வழியில் வடிகட்டியே இருக்கக் கூடாது. தன்னைத் திட்டிய சொல்லை எடுத்துச் சொல்லாமல் ஒருவர் எப்படிப் புகார் கொடுப்பார்? உண்மையில் வடிகட்டிக்கு முன்பே புகார்ப் பொத்தானை அமைக்க வேண்டும் என்பேன். "உன் வீட்டில் எல்லாம் எதற்குப் படிப்பு?" என்று ஒருவர் எழுதினால் அதில் எந்தப் பட்டியல் சொல்லும் இல்லை. சாதியைக் குத்தும் அந்தக் கேள்வியைக் கேட்கப்பட்டவர்தான் அடையாளம் காட்ட முடியும்.

படி 6: சோதனைத் தாள்

இரண்டு பத்திகள் போதும். ஒன்றில் தடையின்றிப் போக வேண்டிய வாக்கியங்கள்: சனியன்று கூட்டம், விநாயகர் கோயில், ஜனநாயகக் கடமை, கழுதைப்புலி. மற்றதில் சிக்க வேண்டியவை: முட்டாளே, மு.ட்.டா.ள், முட்டாாள், அடிமுட்டாள். பட்டியலில் ஒரு சொல் சேர்த்தாலும் தாள் முழுவதையும் ஓட்டிப் பாருங்கள். தவறாக நின்ற ஒவ்வொரு செய்தியையும் அன்றே முதல் பத்தியில் சேர்த்துவிடுங்கள்.

பார்வைக்கு நிறுத்திய செய்திகள் தேங்கக் கூடாது. இரண்டாம் பட்டியலால் நின்ற செய்தியை 24 மணி நேரத்துக்குள் யாரும் படிக்கவில்லை என்றால் அது தானாக வெளியாகும்படி வையுங்கள். தவறாக நிறுத்தியிருந்தால் எழுதியவருக்கு ஒரு வரி மன்னிப்பும், எந்தச் சொல்லால் நின்றது என்ற விவரமும் போய்ச் சேரட்டும்.