பழைய ஃபிலிமைத் தூக்கிப் போடாதீர்கள்

2013-ல் எனக்கு மூளை ரத்தக்குழாயில் அனியூரிசம், அதாவது குழாய்ச் சுவர் பலூன் போலப் புடைத்திருக்கிறது என்று ஆபரேஷன் செய்து கிளிப் போட்டார்கள். எட்டு வருடம் கழித்து ஸ்கேனில் மறுபக்கம் 3 மி.மீ.க்கு இன்னொன்று. "அதான் அடைச்சாச்சே டாக்டர்?" என்றேன். கிளிப் அடைத்தது அந்த ஒரு புடைப்பை மட்டும்தான்; குழாய்ச் சுவரின் பலவீனம் அப்படியே இருக்கிறது என்றார். புதிதாக வருவது ஆண்டுக்கு நூறு பேரில் ஒருவருக்கும் குறைவு. ஆனால் புகை, பிபி, முதலிலேயே ஒன்றுக்கு மேல் இருந்தது, குடும்பத்தில் இருப்பது, இவையெல்லாம் வாய்ப்பைக் கூட்டும். பெண்களுக்குச் சற்று அதிகம். நான் ஆபரேஷனுக்குப் பிறகும் டீக்கடையில் தினம் இரண்டு சிகரெட் விடாதவன். இப்போது விட்டாயிற்று.

இன்னொன்று தெரிந்தால் முதல் கேள்வி: இது புதுசா, முன்பே இருந்து கண்ணுக்குத் தப்பியதா? பழைய படம் இல்லாமல் இதற்குப் பதில் கிடைக்காது. ஸ்கேன் எடுத்த இடத்தில் ரிப்போர்ட்டை மட்டும் கொடுத்திருந்தார்கள். படத்தைக் கேட்டால் அழித்துவிட்டார்களாம். கடைசியில் என் மனைவி பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியிலிருந்து பழைய ஆஞ்சியோ (ரத்தக்குழாய்ப் படம்) ஃபிலிமை எடுத்துவந்தாள். ஒன்றோடொன்று ஒட்டியிருந்ததை மெல்லப் பிரித்து, டாக்டர் விளக்குப் பெட்டியில் மாட்டிப் பார்த்தார். இப்போது புடைத்திருக்கும் அந்தக் குழாய்க் கிளை அப்போது சுத்தமாக இருந்தது. ஆக, புதுசுதான். அதனால் ரிப்போர்ட்டோடு நிற்காமல் படத்தையும் பென் டிரைவிலோ குறுந்தகட்டிலோ கேட்டு வாங்குங்கள்.

எந்த ஸ்கேன் என்பதையும் கேளுங்கள். எம்ஆர்ஐயில் கிளிப்பைச் சுற்றிக் கறுப்பாக மறைத்துவிடும் என்பதால் எனக்கு சிடி ஆஞ்சியோ. கிளிப்புக்குப் பதில் புடைப்புக்குள் மெல்லிய கம்பிச் சுருள் (coil) வைத்தவர்களுக்குப் பெரும்பாலும் எம்ஆர் ஆஞ்சியோ. சிடி ஆஞ்சியோவுக்கு குழாய் படத்தில் தெளிவாகத் தெரிய ஊசியில் மருந்து ஏற்றுவார்கள். முன்னதாக கிட்னி எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை பாருங்கள், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிட்டால் சொல்லிவிடுங்கள். எம்ஆர்ஐ அறைக்குள் போகும்முன் எந்த வகைக் கிளிப் என்று எழுதிய கார்டைக் காட்டுவது கட்டாயம். டைட்டானியம் என்றால் பொதுவாகப் பிரச்சினை இல்லை, பழைய காலத்துக் கிளிப்புகள் சில காந்தத்தில் நகர்ந்துவிடும்.

எத்தனை மாதத்துக்கு ஒருமுறை என்பது டாக்டர் முடிவு. நன்றாக இருக்கிறோமே என்று நாமாக நிறுத்தக் கூடாது. பத்து வருடம் கழித்தும் வந்தவர்கள் உண்டு. பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளில் இரண்டு பேருக்கு இருந்தால் மற்றவர்களுக்கும் ஸ்கேன் வேண்டுமா என்று கேளுங்கள்.

அப்புறம், யாரோ மண்டையில் அடித்தது போலத் திடீர்த் தலைவலி, ஒரு கண் இமை தொங்குவது, இரட்டையாகத் தெரிவது, இதில் எது வந்தாலும் மாத்திரை போட்டுப் படுக்காமல் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். என் படங்கள், கார்டு எல்லாம் ஒரு மஞ்சப்பையில் வாசல் ஆணியில் தொங்குகின்றன. ஆம்புலன்ஸில் அதையும் ஏற்ற வேண்டும் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.