ஓட்டுக்குள் சிக்கிய குஞ்சு

சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் வீடு, பின்னால் செம்பனைத் தோட்டம். அடைக்கோழி ஒரு முட்டையை மட்டும் விட்டுவிட்டு, பொரித்த குஞ்சுகளோடு மேயக் கிளம்பிவிட்டது. அந்த முட்டையில் சின்னத் துளை, உள்ளே கீச்சுக் குரல். உடனே உரிக்கத்தான் கை பரபரக்கும், கூடாது. துளை விழுந்தபின் 24 மணி நேரம்கூட ஆகலாம். அந்த நேரத்தில்தான் குஞ்சு மஞ்சள் கருவை வயிற்றுக்குள் இழுத்துக்கொள்ளும், சவ்விலுள்ள ரத்த நாளங்களும் வற்றும்.

பல்பு எரியும் பெட்டியில், ஈரத்துணிக்குப் பக்கத்தில் வைத்தேன். மறுநாளும் துளை அப்படியே இருந்தது. சவ்வு பழுப்பேறி, ரப்பர் ஷீட் மாதிரி அலகோடு ஒட்டிக் கிடந்தது. ஈரப்பதம் குறைந்தால் இப்படித்தான் காய்ந்துவிடும். “பிழைக்கிறது பிழைக்கட்டும், விடு” என்றார் மாமியார். எனக்கு மனசு கேட்கவில்லை.

பஞ்சுக்குச்சியை வெதுவெதுப்பான நீரில் தொட்டுச் சவ்வை நனைத்தேன். மூக்குத் துளையில் ஒரு சொட்டும் இறங்கக்கூடாது. நனைந்ததும் நாளங்கள் தெரியும். சிவப்பாக இருந்தால் பழையபடி மூடி வைத்துவிட வேண்டும். இதில் இல்லை. சரி என்று அகன்ற முனையைச் சுற்றி நகத்தால் ஓட்டைப் பெயர்த்தேன். ஓரிடத்தில் புள்ளியாக ரத்தம் கசிய, நிறுத்திவிட்டுப் பெட்டிக்குள் வைத்தேன். அப்புறம் மேல்மூடியை மட்டும் எடுத்தேன். வயிற்றுப் பக்கத்தை நாம் தொடக்கூடாது, அதுவே உதைத்துத் தள்ள வேண்டும்.

ராத்திரி வெளியே வந்தது. உடனே தீனி தேவையில்லை, உள்ளே போன மஞ்சள் கருவே தாங்கும். உடம்பு காய்ந்ததும் இருட்டோடு இருட்டாகத் தாய்க்கோழியின் இறக்கைக்குள் நுழைத்துவிட்டேன். பகலில் விட்டால் சில கோழிகள் கொத்திவிடும்.